நூல் சிக்கினால் நேரமும் சிக்கும்

தீபாவளி நெருங்கினால் ஃபேரர் பார்க் வட்டாரத்திலும் தேக்கா நிலையத்தின் மேல்தளத்திலும் தையல் இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. வீட்டிலிருந்தே ரவிக்கைக்குப் பூவேலை செய்து கொடுக்கும் சகோதரிகளும் உண்டு. அவர்களுக்குத் தலைவலி தருவது, பெட்டிக்குள் தானே அவிழ்ந்து பின்னிக்கொள்ளும் நூற்கண்டு. சிக்கை வெட்டி எறிந்துவிட்டு வேறு கண்டு வாங்கினால், சாயம் அப்படியே ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

ஏன் அவிழ்கிறது? பருத்தி நூல் குட்டை இழைகளை முறுக்கிச் செய்தது. அதன் பிசிறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ரேயான், பாலியெஸ்டர் பூவேலை நூல்களோ நீண்ட, வழுவழுப்பான இழைகள். பிடிமானம் இல்லாமல் சரிந்துவிடும்.

பலர் ரப்பர் வளையம் போடுகிறார்கள். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அது நாளடைவில் இளகி நூலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுநாடாவின் பசையும் அப்படித்தான். அதில் தூசியும் சேரும்.

செலவில்லாத வழி இருக்கிறது. கிழிந்த மெல்லிய ஸ்டாக்கிங்ஸை 5 சென்டிமீட்டர் வளையங்களாக வெட்டி, கண்டின்மேல் மாட்டுங்கள். நூல் தளர்வாக வருமளவு விட்டால், தைக்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை. கைவேலைக்கான சிட்டத்தை, காலை உணவுப் பெட்டியின் அட்டையில் சுற்றி, ஓரத்தில் சிறு பிளவு வெட்டி நுனியைச் செருகுங்கள். நிற எண்ணையும் அட்டையிலேயே எழுதிவையுங்கள். மறுபடி வாங்கும்போது உதவும்.

ரவிக்கைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, சிக்கெடுக்கும் நேரத்திற்கு யாரும் காசு தருவதில்லை. அந்த நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.