பாரவாகனங்களும் பற்றரியும்: ஒரு வைத்தியரின் பார்வை

(நூற்றாண்டு விழாவையொட்டி உடையார்கட்டில் ஆற்றிய உரை)



வைத்தியரை அழைத்தால் நோயைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் பற்றரியைப் பற்றிப் பேசப் போகிறேன். பற்றரி கிடைக்காத காலத்தில் படித்த பிள்ளைகள் நாங்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் வன்னிக்கு ரோர்ச் பற்றரிகூட வர அனுமதி இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மோட்டார் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பிறகு 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசை நீண்டபோது, வைத்தியசாலைக்கு வந்து சேர்வதே நோயாளருக்கும் தாதியருக்கும் பெரும்பாடாகப் போனது. வாகனம் எதில் ஓடுகிறது என்பது சுகாதாரத்தைத் தொடும் விடயம்.

இன்று பஸ்ஸும் லொறியும் பற்றரிக்கு மாறத் தொடங்கியுள்ளன. சீனாவின் சென்சென் நகரம் 2017 முடிவதற்குள் 16,000க்கு மேற்பட்ட பஸ்களை மின்சாரத்துக்கு மாற்றியது. சென்னையில் 2025 ஜூன் 30ஆம் திகதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் சேவைக்கு வந்தன. வைத்தியராக எனக்கு இதில் மகிழ்ச்சி உண்டு. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது.

பற்றரி எப்படி ஒரு பஸ்ஸை இழுக்கிறது? நம் உடையார்கட்டுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒன்று. துருசு எவ்வளவு வேகமாகத் தண்ணீரை விடுகிறது என்பது வேறொன்று. முழு மின்சார பஸ்ஸுக்குப் பெரிய குளம் வேண்டும். ஹைபிரிட் வாகனத்துக்குச் சிறிய குளம் போதும், ஆனால் துருசு அகலமாக இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சில வினாடிகளில் வாங்கி, மீண்டும் புறப்படும்போது உடனே கொடுக்க வேண்டும் அல்லவா? குளத்தை அடிவரை வற்றவிடுவது நல்லதல்ல. பற்றரியும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் முற்றாக இறக்கினால் ஆயுள் குறையும். வெப்பமும் அதன் எதிரி. நம் வன்னி வெயிலில் ஓடும் பஸ்ஸின் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

பெரிய சிக்கல் நிறை. 250 கிலோவாற்று மணி கொள்ளும் பஸ் பற்றரி ஏறக்குறைய 1,800 கிலோ இருக்கும். அது முப்பது பயணிகளின் நிறை. அதே தூரத்தை ஓட டீசல் பஸ்ஸுக்கு 60 லீற்றர், அதாவது 50 கிலோ எண்ணெய் போதும். ஆகவே பற்றரி எல்லாப் பாதைக்கும் பொருந்தாது. நம் ஏ-35 வீதியில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. கிலோமீற்றருக்கு 1.2 கிலோவாற்று மணி என்று கணக்கிட்டால், போய்வர 130க்குள் அடங்கும். நண்பகலில் சூரிய மின்சாரத்தால் ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவையும் போய்வரலாம். யாழ்ப்பாணம் – கொழும்பு ஓட்டத்துக்கு இது இலகுவல்ல, இடைவழியில் நின்று ஏற்ற வேண்டும். உள்ளூர் பஸ்ஸும் அம்புலன்ஸும்தான் முதலில் மாறத்தக்கவை.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பீர்கள். பஸ்களில் இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகைப் பற்றரியைப் பெரிதும் விரும்புவதற்குக் காரணம் அது மற்ற இலிதியம் வகைகளைவிட எளிதில் தீப்பற்றாதது, நீண்ட நாள் உழைப்பது. ஆனாலும் ஆபத்து இல்லை என்றல்ல. விபத்துக்குள்ளான மின்சார வாகனத்தில் செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடாதீர்கள், அவை உயர் அழுத்த மின்சாரக் கம்பிகள். எரியும் பற்றரியின் புகையில் நச்சு வாயு உண்டு. காற்று வரும் திசைக்கு விலகி நில்லுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இலிதியம் பற்றரி வருமுன்பே, ஈயப் பற்றரி நம் ஒவ்வொரு வளவிலும் இருக்கிறது. லொறியில், உழவு இயந்திரத்தில், சோலர் விளக்கில். அது செத்த பிறகு என்ன செய்கிறோம்? உடைத்து, அமிலத்தைக் கிணற்றடியில் ஊற்றி, வலைக்குக் குண்டு வார்ப்பதற்கென்று ஈயத்தைக் குசினி அடுப்பில் உருக்குவது பிள்ளைகளுக்கு நஞ்சூட்டுவதற்குச் சமம். செனகல் நாட்டின் டக்கார் நகருக்கு அருகே, பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் எடுத்த ஓர் ஊரில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று அறியப்படவில்லை. பெரியவர்களைவிடச் சிறுபிள்ளையின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சும். இரத்தச்சோகை, வயிற்றுவலி, படிப்பில் மந்தம் என்று மெல்ல மெல்லத் தெரியும். பெண்பிள்ளைகளே, கேளுங்கள்: சிறுவயதில் உடலில் சேரும் ஈயம் எலும்பில் தங்கி, பிற்காலத்தில் கருவுறும்போது இரத்தத்துக்கு வந்து சிசுவையும் சேரும். இன்று முற்றத்தில் விளையாடும் பிள்ளை நாளைய தாய்.

ஆகவே தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள்: பழைய பற்றரியை உடைக்காமல், நிமிர்த்தி வைத்து, புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: கிராமத்துக்கு ஒரு சேகரிப்பு நாளை ஒழுங்கு செய்வோம். பஸ்களின் இலிதியம் பற்றரியும் ஒருநாள் கழிவாகும். கொள்ளளவில் எண்பது வீதம் எஞ்சியிருக்கும்போது பஸ்ஸிலிருந்து கழற்றினாலும், கிராமத்துச் சிகிச்சை நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டியை இரவில் ஓட்ட அது உதவும். இப்போதே பழகிக்கொண்டால் அப்போது தடுமாற மாட்டோம்.

மாணவிகளே, காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இன்றும் பற்றரி ஆய்வு செய்கிறது. இரசாயனமும் பௌதிகமும் கடினம் என்று ஒதுங்காதீர்கள். இந்த வீதியில் ஓடப்போகும் பஸ்ஸைப் பழுதுபார்க்கவும், அதன் பற்றரியைப் பாதுகாப்பாகப் பிரித்தெடுக்கவும் ஆட்கள் வேண்டும். அவர்கள் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. நூறாண்டு கண்ட பாடசாலையின் பிள்ளைகள் நீங்கள் இருக்கிறீர்கள்.