பீரோவில் மட்டும் இருந்தால் போதுமா?

(அந்தியூரில் இளைஞர்கள், வணிகர்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)



வக்ஃபு சொத்து விவரங்களை ஏற்றுவதற்கான 'உமீத்' இணையதளம் 2025 ஜூன் 6-ல் திறக்கப்பட்டது. ஆறு மாதக் கெடு. கெடுவை நீட்டக் கேட்டவர்களைத் தீர்ப்பாயத்திற்குப் போகச் சொன்னது உச்ச நீதிமன்றம். அந்த ஆறு மாதமும் ஜமாஅத்துகள் பத்திரம் தேடி அலைந்தது உங்களுக்குத் தெரியும். சட்டத்தைப் பற்றி வேறு மேடையில் பேசுவோம். நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பள்ளிவாசலின் பத்திரம் எங்கே இருக்கிறது? முத்தவல்லி வீட்டு பீரோவில். வேறெங்கே? பதில் இல்லை!

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆவணங்களை இழந்தவர்களுக்காக அரசே தனி முகாம் நடத்தியது. 1997 நவம்பரில் கோவையில் கடைகள் எரிந்ததை இங்குள்ள வியாபாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடை எரிந்தால் சரக்கோடு பற்று வரவு நோட்டும் சாம்பல். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதும் அதோடு போயிற்று. கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே நீளமானது. நாமோ ஒற்றைப் பிரதியோடு நிம்மதியாகத் தூங்குகிறோம்!

வீட்டுக் கம்ப்யூட்டர் போதும். 'சிங்திங்' என்றொரு இலவச மென்பொருள். அந்தியூரில் ஒன்று, பவானியில் ஒன்று, ஈரோட்டில் ஒன்று என்று மூன்று வீடுகளில் போடுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நீளமான ஓர் அடையாளக் குறி உண்டு. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் தொடர்பு ஏற்படும். இங்கே ஸ்கேன் செய்து போட்டது அங்கேயும் போய்ச் சேரும். வழியில் யாரும் படிக்க முடியாது. எந்தக் கம்பெனியின் கிடங்கிலும் அது தங்குவதில்லை. கரண்ட் போனால் பரவாயில்லை, திரும்பி வந்ததும் விட்டதைத் தொடரும்.

அடுத்தவர் கணக்கை நண்பர் பார்த்துவிடுவாரே என்கிறீர்களா? நியாயமான கேள்வி. அவர் கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் போட்டுப் பகிரும் வசதி உண்டு. அவரிடம் இருப்பது பூட்டிய பெட்டி மட்டுமே. ஆனால் கடவுச்சொல்லைத் தொலைத்தால் உங்களுக்கும் அது பூட்டிய பெட்டிதான். காகிதத்தில் எழுதி, ஜமாஅத்தின் இரண்டு பொறுப்பாளர்களிடம் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதனால் பழைய பிரதிகளைப் பாதுகாக்கும் அமைப்பை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முதல் நாளே போட்டுவிட வேண்டும். மாதம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் தனி நகல் எடுத்து, கழற்றி வையுங்கள்.

ஸ்கேன் நகல் அசலுக்கு ஈடாகாது. ஆனால் அதில் பத்திர எண்ணும் ஆண்டும் இருக்கின்றன. அவை கையில் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கலாம். ஆகவே முதலில் பத்திரம், அடுத்து நிக்காஹ் பதிவேடு, பிறகு கடைக் கணக்கு. இன்ஷா அல்லாஹ், ஞாயிறு காலை பள்ளி அலுவலகத்தில் ஸ்கேனர் இருக்கும். முத்தவல்லிகள் சாவியோடு வாருங்கள்.