நாலு பேர் தூக்குமுன்

(உறையூரில் நடந்த தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இந்த மாடிக்கு என்னை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தீர்கள். நன்றி. ஆனா அடுத்த கூட்டத்தைக் கீழே வையுங்க. கடைசியில் சொன்னால் மறந்துடுவீங்க, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசும்போது நடுநடுவே கையை ஊன்றி உடம்பைத் தூக்குவேன். கோபம்னு நினைக்காதீங்க. ஒரே இடத்தில் அழுத்தி உட்கார்ந்தால் எனக்குப் புண் வந்துவிடும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் காவிரிக்கரைத் தோப்பு ஒன்றில் தென்னையிலிருந்து விழுந்தேன். பிடித்தது காய்ந்த மட்டை. இடுப்புக்குக் கீழே கால் இருக்கிற மாதிரியே தெரியல. நாலு பேர் ஓடி வந்தாங்க, நல்ல மனசோடதான். ரெண்டு பேர் கையைப் பிடிக்க, ரெண்டு பேர் காலைப் பிடிக்க, தூளி மாதிரி மடங்கிப் போனேன். குட்டியானை வண்டியில் தேங்காய்க் குவியல்மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

முதுகெலும்பு முறிவது ஒன்று. அதற்குள் ஓடுகிற தண்டுவடம் நசுங்குவது வேறொன்று. முறிந்தவனை மடக்கித் தூக்கினால் எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை மேலும் நசுக்கும். விழுந்ததில் எவ்வளவு போனது, தூக்கியதில் எவ்வளவு போனது என்று இன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. என் ராத்திரிகளில் பாதி இந்தக் கணக்கில்தான் போகிறது.

ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து, 'இனி வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க' என்று அனுப்பினார்கள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடணும் என்று என் மனைவியிடம் ஒருத்தரும் சொல்லல. இருபதாம் நாள் வால் எலும்பின்மேல் ஒரு ரூபாய்க் காசளவு கறுப்பு. அடுத்த மாதம் உள்ளங்கை அளவு குழி.

நம்ம ஆளுங்க பலர் விழுந்ததால் சாகவில்லை தோழர்களே. படுக்கைப்புண்ணாலும் மூத்திரக்குழாய் வழி ஏறும் கிருமியாலும் சாகிறார்கள். முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் இப்படித்தான் செத்தார்கள். நாஜிகள் விரட்டிய யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் இதை மாற்றினார். ராத்திரி பகலாகப் புரட்டிப் போடுவது, மூத்திரப்பையைக் காப்பது, உட்காரவைத்து வேலை பழக்குவது. மாயமருந்து ஒன்றுமில்லை.

நம் மண்ணிலும் நடந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமானவர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லல. ஆனால் ஒருவர் மருத்துவர், ஒருவர் பொறியியல் படித்தவர். கூலிக்கு மரமேறுகிறவனுக்கு அந்த வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்று யார் சொன்னது? எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

தோப்புக்காரர், 'குடிச்சிட்டு ஏறினான்' என்றார். நான் குடிக்கிறவன் இல்லை. கூலிக்கு ரசீது இல்லாததால் அவர்தான் வேலை கொடுத்தவர் என்று நிரூபிக்க முடியல. ஊரில் சிலர் 'விதி' என்றார்கள். விதி ஏன் எப்பவும் சேரிக்காரனையே மரத்துல ஏத்துது? சாலை விபத்துக்கு 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தோப்பில் விழுந்தவன் அதில் வரமாட்டான்.

நான்கு மணி நேரத்துக்கொரு முறை, கழுவிய கையோடு, நானே குழாய் போட்டு மூத்திரம் எடுக்கிறேன். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் அந்தக் கையை எதால் கழுவுவது? சந்தில் சக்கரம் நுழையாது, ஓரத்தில் சாக்கடை. குடிநீருக்கும் தெருவுக்கும் நாம் போடுகிற மனுக்களில் இதையும் எழுதுங்க.

மாணவர்களே, இங்கிருந்து புத்தூர் பெரியாஸ்பத்திரி கூப்பிடு தூரம். கிராமத்துச் சேரிக்கு அது தூரம். எனவே சேரிக்கு ரெண்டு பேராவது இதைப் பழகணும். விழுந்தவனை இழுக்காதே, உட்காரவைக்காதே, வாயில் தண்ணீர் ஊற்றாதே. ஒருவர் தலையை அசையாமல் பிடிக்கட்டும். 108 வரட்டும். தூக்கியே ஆகணும்னா, தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில், மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி உருட்டிப் பலகைமேல் ஏற்று. பலகை இல்லையா, கதவைக் கழற்று.

வாயால் சொன்னால் கை பழகாது. நாலு பேர் முன்னால வாங்க. இன்னொருத்தர் தரையில படுங்க. அந்தப் பக்கத்துக் கதவைக் கழற்ற முடியுமான்னு யாராவது பாருங்க.