கல்லில் உறங்கும் தவளை



மழை பெய்த இரவில், வானகரத்தின் தாழ்ந்த நிலங்களிலே தேங்கிய நீரிலிருந்து தவளைகளின் ஒலி எழுவதைக் கேட்டிருப்பீர்கள். அக்குலத்தைச் சேர்ந்ததாய், இன்று உலகில் எங்கும் இல்லாததாய் உள்ள ஒரு சிற்றுயிரைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். அதன் பெயர் இண்டோபட்ராக்கஸ். இந்தியத் தவளை என்பது பொருள்.

இதன் எலும்புகள் பம்பாயில், வொர்லிப் பகுதிப் பாறைகளிலே கிடைத்தன. ஏறத்தாழ 6½ கோடி ஆண்டுகளுக்கு முன்னர், தக்காணத்தில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு பெருகிற்று. அது உறைந்த கரும்பாறை இன்றும் ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்துள்ளது. ஆயினும் குழம்பு ஓயாது பாயவில்லை. ஒரு பெருக்கு அடங்கி மற்றொன்று எழுமுன் நெடுங்காலம் கழிந்தது. அவ்விடைக்காலத்தில் மழைநீர் தேங்கிக் குளங்கள் உண்டாயின, செடிகள் தழைத்தன, தவளைகள் குடிபுகுந்தன. மாண்டவை நுண்ணிய சேற்றில் புதைந்தன, சேறு கல்லாயிற்று.

தவளைக்கு ஈரம் வேண்டும். உப்பு நீரோ பெரும்பாலான தவளைகளுக்கு ஆகாது. ஆகவே, கடல் சூழ்ந்த பம்பாயிலே கிடைத்த இச்சிற்றெலும்பு, அங்கே பண்டு நன்னீர் இருந்ததற்குச் சான்றாகின்றது.

டைனோசர் என்னும் பெயரை 1842-இல் வழங்கிய ரிச்சர்டு ஓவன், 1847-இல் இதற்கு 'ரானா புசில்லா' என்று பெயரிட்டார். 'புசில்லா' என்றால் மிகச் சிறியது. நம் அரியலூர்ப் பகுதித் தொல்லுயிர்ச் சிப்பிகளை ஆராய்ந்த ஸ்டோலிச்கா, 1869-இல் இதனை வேறொரு பேரினத்தில் சேர்த்தார். 1930-இல் அமெரிக்க அறிஞர் நோபிள் எலும்புகளை மீண்டும் ஆராய்ந்து, இது தனிப் பேரினமே என்றும், ஆஸ்திரேலியத் தவளைகளுக்கு உறவானது என்றும் கருதினார். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒருகாலத்தில் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாய் இருந்தவை என்பதை நினைவிற் கொண்டால், அக்கருத்தின் சிறப்பு விளங்கும். பெயர் மாறியது தடுமாற்றமன்று. சான்றுக்குப் பணிவதே அறிவியல்.

நமக்கு மேற்கே, திருப்பெரும்புதூர்ப் பகுதியிலும் இத்தவளையினும் பழைய செடிகளின் சுவடுகள் பாறைகளிலே உள்ளன. கிணறு தோண்டுமிடத்தில் அத்தகைய கல் தென்பட்டால் உடைத்தெறியாதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். இடமறியாக் கல் நாவிழந்த சாட்சி. உயிருள்ள தவளைக்கும் ஒரு கடமை உண்டு. எரிமலைக் காலத்தைக் கடந்து வந்த அக்குலம், நாம் குளங்களைத் தூர்த்துவிட்டால் எங்கே செல்லும்?