பழகிய தொண்டருக்கும் பயிற்சி வேண்டும்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற தொண்டர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

போரும் பேரழிவும் சூழ்ந்த இடங்களில் பல ஆண்டுகள் துயர்துடைப்புப் பணி செய்து பழகியவர்களுக்குத் தலைமைப் பயிற்சி எதற்கு? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். "அனுபவத்தைவிடப் பெரிய ஆசான் உண்டா?" என்று கேட்பீர்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டோம்.

2004 டிசம்பர் 26ஆம் நாளை நம்மில் யார் மறப்போம்? ஆழிப்பேரலை அடித்த அன்று மாலையே பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டிச் சோறாக்கினோம். லாரி லாரியாகப் பொருள்கள் வந்து குவிந்தன. கண் மூடாமல் உழைத்தோம். ஆனால் குடும்பத் தலைவர் பெயரில்தான் பட்டியல் எழுதினோம். மூன்றாம் நாள் ஒரு தாய் வந்து, "வீட்டுக்காரர் கடலோட போயிட்டார். நான் யார் பேர்ல வாங்குறது ஐயா?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. உழைக்கத் தெரிந்திருந்தது, நடத்திச் செல்லத் தெரியவில்லை.

நிற்க. 1859 ஜூன் 24ஆம் நாள் வட இத்தாலியில் சொல்ஃபெரினோ என்னுமிடத்தில் பெரும்போர் நடந்தது. காயம்பட்ட வீரர்களை அருகிலிருந்த காஸ்திலியோனே ஊர்க் கோயிலின் தரையில் கிடத்தினார்கள். ஊர்ப் பெண்கள் எந்நாட்டவர் என்று பாராமல் நீர் கொடுத்துக் கட்டுப்போட்டார்கள். அவர்களை ஒழுங்குபடுத்தியவர் ஜெனீவா வணிகர் ஹென்றி துனாந்த். அன்பு இருந்தும் ஆயத்தம் இல்லாததால் பலர் மாண்டதைக் கண்ட அவர், அமைதிக் காலத்திலேயே தொண்டர்களைத் திரட்டிப் பழக்க வேண்டுமென்று 1862இல் நூல் எழுதினார். அடுத்த ஆண்டே செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது.

இருந்தும் 1994 ஜூலையில் என்ன நடந்தது? ருவாண்டாவிலிருந்து பல இலட்சம் மக்கள் சில நாட்களுக்குள், அன்று சயீர் எனப்பட்ட காங்கோவின் கோமா நகருக்கு ஓடிவந்தார்கள். எரிமலைப் பாறை நிலம். கழிப்பிடம் தோண்டவும் முடியவில்லை, கல்லறை தோண்டவும் முடியவில்லை. காலராவும் சீதபேதியும் பரவி, முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் மாண்டார்கள். உதவ வந்த நிறுவனங்களுக்குக் குறைவில்லை, ஒருங்கிணைப்புக்குத்தான் குறை. 1996இல் வெளிவந்த கூட்டு ஆய்வு இதைச் சுட்டிக்காட்டியது. 1997இல் தொடங்கிய 'ஸ்பியர்' திட்டம் அளவுகோல்களை வகுத்தது: ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் நீர், தங்க 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பிடம்.

அளவு புத்தகத்தில் இருக்கிறது. வந்த தண்ணீர் பாதிதான் என்றால் யாருக்கு முதலில் கொடுப்பது? அங்கேதான் தலைவர் தேவைப்படுகிறார். நல்ல செவிலியும் நல்ல பொறியாளரும் அதனாலேயே நல்ல தலைவர்களாகிவிடுவதில்லை. ஆகவே பயிற்சியில் ஒரு நெருக்கடியைக் கற்பனையாக உருவாக்குகிறார்கள். சாலை அடைபடும், தொலைபேசி செத்துவிடும், வதந்தி கிளம்பும். அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். முடிந்தபின், யார் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை என்று உடன் பணியாற்றியவர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அனுபவசாலிக்கு இதுவே கசப்பான மருந்து.

தொண்டர்களின் உயிரைக் காப்பதும் தலைவரின் கடமை. 2003 ஆகஸ்ட் 19இல் பாக்தாதில் ஐக்கிய நாடுகள் அலுவலகம் தாக்கப்பட்டு, செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். "இன்று யாரும் போக வேண்டாம்" என்று சொல்லவும் துணிவு வேண்டும்.

ஊர் மக்களை ஒதுக்காமலிருப்பது இன்னொரு பாடம். ஆழிப்பேரலையில் உயிர்களை முதலில் காத்தவர்கள் உள்ளூர் மக்களே என்றும், வெளியிலிருந்து வந்தோர் அவர்களைப் பின்னுக்குத் தள்ளினர் என்றும் 2006இல் வந்த பன்னாட்டு ஆய்வு கூறியது.

அன்பர்களே! இந்தப் பொன்விழா ஆண்டில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், இரண்டு நாள் நாமும் கூடிப் பழகுவோம். வீட்டுக்கு ஒரு பெயர் என்றில்லாமல் ஆளுக்கு ஒரு பெயராகப் பட்டியல் எழுதுவோம். மூத்த தொண்டர்கள் முதலில் வந்து அமரட்டும். அந்தத் தாயின் கேள்வியை இனி ஒருத்தி நம்மிடம் கேட்க நேராதிருக்கட்டும்.