மலச்சிக்கலும் அன்றாட உணவும்: மூத்தோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை



இன்று நான் பேசவிருக்கும் விடயம் சபையில் பேசத் தயங்கும் விடயம். முழங்கால் வலியையும் நீரிழிவையும் பற்றி அயலவரிடம் தயக்கமின்றிப் பேசுகிறோம். மலச்சிக்கலைப் பற்றியோ பெற்ற பிள்ளைகளிடமும் சொல்வதில்லை. அந்த மௌனத்தால் எளிதில் தீரக்கூடிய துன்பம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. சில வேளைகளில், காலத்தோடு கண்டறிய வேண்டிய நோயும் மறைந்துவிடுகிறது.

முதலில் மலச்சிக்கல் என்றால் என்னவென்று தெளிவுபடுத்திக்கொள்வோம். நாள்தோறும் மலம் கழியாவிட்டால் அது நோய் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. ஒரு நாளில் மூன்று முறை போகிறவரும் உண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை போகிறவரும் உண்டு. இரண்டுமே இயல்பானவை. வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாகப் போவது, மலம் இறுகிக் கட்டியாக இருப்பது, மிகவும் முக்க வேண்டியிருப்பது, போன பின்னும் முழுமையாகக் கழியவில்லை என்ற உணர்வு இருப்பது ஆகியவையே மலச்சிக்கலின் அடையாளங்கள்.

நாம் உண்ட உணவின் எச்சம் பெருங்குடலை அடையும்போது நீர்த்தன்மையோடு இருக்கிறது. பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்கிறது. எச்சம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு இறுகுகிறது. நார்ச்சத்து நீரைப் பிடித்துவைத்து மலத்தைப் பருமனாகவும் மென்மையாகவும் ஆக்குகிறது. பருமனான மலம் குடலின் அசைவைத் தூண்டுகிறது. ஆகவே நார்ச்சத்தும் நீரும் சேர்ந்தே பயன் தருகின்றன. நீர் அருந்தாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் சிக்கல் அதிகரிக்கவும் கூடும்.

இந்நாட்டுக்கு வந்த பின் நம் பழக்கங்கள் பல மாறிவிட்டன. ஊரில் குத்தரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, முற்றத்து முருங்கையிலை, வேலியோரத்துக் கீரை என்று உண்டோம். இங்கே வெள்ளையரிசியும் வெள்ளைப் பாணும் கோதுமை மாப் பிட்டும் மேலோங்கிவிட்டன. ஊரில் கோயிலுக்கும் கடைக்கும் நடந்து சென்றோம். இங்கே பிள்ளைகளின் காருக்காகக் காத்திருக்கிறோம். குளிர்காலத்தில் தாகமும் தெரிவதில்லை. வயது ஏற ஏற, உடலுக்கு நீர் தேவைப்பட்டாலும் தாக உணர்வு மங்கிவிடுகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணத்தை என் தாயாரிடமிருந்தே அறிந்துகொண்டேன். அவர் வெளியே புறப்படும் நாட்களில் காலைத் தேநீரோடு நிறுத்திக்கொள்வார். மாலை வீடு திரும்பும் வரை ஒரு மிடறு நீரும் அருந்தமாட்டார். “போகிற இடத்தில் கழிப்பறை எங்கே என்று யாரிடம் கேட்பது?” என்றார். அந்த ஒரு தயக்கமே அவருடைய மலச்சிக்கலுக்குப் பெரிதும் காரணமாக இருந்தது. உங்களில் பலருக்கும் இது பொருந்தும் என்று எண்ணுகிறேன். அவுஸ்திரேலிய அரசின் தேசியப் பொதுக்கழிப்பறை வரைபடம் இணையத்திலும் கைப்பேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ சொல்லி அதைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நூலகங்களிலும் பெரிய அங்காடி வளாகங்களிலும் கழிப்பறைகள் உண்டு.

இனி அளவுகளுக்கு வருவோம். இந்நாட்டு வழிகாட்டுதலின்படி, வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 25 கிராமும் ஆணுக்கு 30 கிராமும் நார்ச்சத்து தேவை. ஒரு கோப்பை வெள்ளையரிசிச் சோற்றில் ஒரு கிராமளவே இருக்கிறது. ஆகவே சோற்றைக் கூட்டுவதால் பயனில்லை. சோற்றோடு சேர்ப்பவற்றையே கூட்ட வேண்டும்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் அரைக் கோப்பை ஓட்ஸில் கஞ்சி காய்ச்சினால் சுமார் 4 கிராம். அதோடு இரண்டு கிவிப் பழங்கள், சுமார் 4 கிராம். மதிய உணவில் தட்டின் பாதியைக் கீரை, போஞ்சி, கத்தரிக்காய், பூசணிக்காய் போன்ற மரக்கறிகளால் நிரப்பினால் ஏறக்குறைய 6 கிராம். மாலையில் அரைக் கோப்பை அவித்த கொண்டைக்கடலை, சுமார் 6 கிராம். இரவில் தோலோடு ஒரு பேரிக்காய், சுமார் 5 கிராம். கூட்டிப் பாருங்கள், 25 கிராம் வந்துவிட்டது. வெள்ளையரிசிக்குப் பதிலாகக் குத்தரிசியும், வெள்ளைப் பாணுக்குப் பதிலாக முழுக்கோதுமைப் பாணும் சேர்ந்தால் 30 கிராமை எட்டுவது கடினமன்று. ப்ரூன் எனப்படும் உலர்ந்த பிளம்ஸ் பழத்தில் நார்ச்சத்தோடு மலத்தை இளக்கும் இயற்கையான சர்க்கரைப் பொருளும் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் உலர்ந்த பழங்களை அளவோடு உண்ண வேண்டும்.

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டாதீர்கள். வயிறு ஊதும், வாயு சேரும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பெண்களுக்கு ஏறக்குறைய 8 கோப்பையும் ஆண்களுக்கு 10 கோப்பையும் நீராகாரம் தேவை. தேநீர், மோர், ரசம் ஆகியவையும் இக்கணக்கில் சேரும். ஆயினும் இருதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ நீரைக் கட்டுப்படுத்துமாறு வைத்தியர் சொல்லியிருந்தால், அவர் சொன்ன அளவையே பின்பற்றுங்கள். சிறுநீரக நோயாளர் உணவை மாற்றுமுன் வைத்தியரிடம் கேட்பது அவசியம்.

உணவு உண்டதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு. காலை உணவுக்குப் பின் அவ்வசைவு நன்கு தெரியும். அந்நேரத்தில் அவசரமின்றிக் கழிப்பறைக்குச் செல்லுங்கள். உணர்வு வரும்போது அடக்காதீர்கள். ஊரில் குந்தியிருந்து பழகியவர்களுக்கு இங்குள்ள இருக்கை வசதிப்படாமல் இருக்கலாம். கால்களுக்கு அடியில் சிறிய பலகை ஒன்றை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி அமர்ந்து, சற்று முன்னால் சாய்ந்துகொள்ளுங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பதும் நன்று.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, சில கல்சிய மாத்திரைகள், கோடீன் கலந்த வலிநிவாரணிகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவையும் மலத்தை இறுக்கக்கூடும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். ஊரிலிருந்து வரும் சூரணங்கள் பலவற்றில் நிலாவரை இருக்கிறது. அது குடலைத் தூண்டிப் பேதியாக்கும் மருந்து. மூலிகை என்பதற்காக அதை மாதக்கணக்கில் தாமாக உட்கொள்வது முறையன்று. இசப்கோல் உமி பலருக்கு ஏற்றது. ஆனால் அதை ஒரு முழுக் குவளை நீரோடு அருந்த வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

இறுதியாக, இவ்வுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். மலத்தில் இரத்தம் காணப்படுதல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தசோகை, நடுவயதுக்குப் பின் மலம் கழியும் வழக்கம் புதிதாக மாறுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உணவால் சரிசெய்ய முயன்று காலம் கடத்தாதீர்கள். “மூலமாகத்தான் இருக்கும்” என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். மூலமாகவே இருக்கலாம். அதை வைத்தியர் சொல்லட்டும். கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வந்து, வாயுவும் பிரியாமல் போனால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. தேசியக் குடற்புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ், 50 முதல் 74 வயது வரையானோருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனைப் பொதி அஞ்சலில் வருகிறது. 2024 ஜூலை முதல் 45 முதல் 49 வயது வரையானோரும் அதைக் கேட்டுப் பெறலாம். வீட்டிலேயே மாதிரி எடுத்துத் தபாலில் அனுப்பிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அது காட்டும். அருவருப்பு என்று எண்ணி அந்த உறையை அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். தொடக்கத்தில் கண்டறிந்தால் இப்புற்றுநோயைப் பெரும்பாலும் குணப்படுத்த முடியும்.

ஆங்கிலத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 131 450 என்னும் எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர் வழியாகத் தேசியக் கழிவுக் கட்டுப்பாட்டு உதவி இணைப்பான 1800 33 00 66 உடன் தாதியொருவரிடம் பேசலாம். வைத்தியரைக் காண நேரம் குறிக்கும்போதும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். பிள்ளையை நடுவில் வைத்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்று வீடு திரும்பியதும் ஒரு குவளை நீர் அருந்துங்கள். நாளைக் காலை உணவோடு ஒரு பழத்தைச் சேருங்கள்.