அளவுகோல் யார் கையில்?

(ராயபுரத்தில் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உளவியல் படிக்கலாமா, எங்கே படிப்பது, எவ்வளவு செலவாகும், வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். செலவைப் பற்றிப் பேசாமல் போகமாட்டேன். அதற்கு முன்னால், அந்தப் படிப்பில் நமக்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். சேர்ந்து படித்த பிறகுதான், ஆய்வுக்கூடத்து அலமாரியில் இருக்கிற கருவிகளில் சில நம்மை அளப்பதற்காகவே இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவை என்று எனக்குத் தெரிந்தது.

உளவியல் முதுகலையில் இரண்டு பெரிய கிளைகள். ஒன்று சோதனை உளவியல்: கவனம், நினைவு, கற்றல் இவற்றையெல்லாம் கட்டுப்பாடான சூழலில் அளந்து பார்ப்பது. இன்னொன்று மருத்துவ உளவியல்: மன உளைச்சலோடு வருகிறவரை மதிப்பிடுவது, பேச்சு வழியாகச் சிகிச்சை தருவது. இந்தியாவில் சோதனை உளவியல்தான் முதலில் வந்தது. 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தனித் துறை தொடங்கியது. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய என்.என். சென்குப்தா அதற்குத் தலைவர். 1924-ல் மைசூரில் இன்னொரு துறை. பாடப்புத்தகங்கள் இந்த வரலாற்றை இத்தோடு முடித்துக்கொள்ளும்.

புத்தகத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். 1921-ல் ஓர் அமெரிக்க உளவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் டி.எஸ். ஹெரிக். தென்னிந்தியாவின் பிராமணக் குழந்தைகளையும் பஞ்சமக் குழந்தைகளையும் ஒருவரோடொருவரும், அமெரிக்கக் குழந்தைகளோடும், கோடார்ட் வடிவப் பலகையைக் கொண்டு ஒப்பிடுதல் என்பது அதன் தலைப்பு. பஞ்சமர் என்றால் யார் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. 1929-ல் சி. ஹெர்பர்ட் ரைஸ் பஞ்சாபில் பினே அறிவுத்திறன் சோதனையை இந்துஸ்தானியில் தயாரித்தார். அந்தப் புத்தகத்தின் தலைப்பிலும் சில சாதிகளின் அறிவுத்திறன் ஒப்பீடு என்று வருகிறது. தலைப்பிலேயே!

இவற்றில் யாருக்கு எத்தனை மதிப்பெண் வந்தது என்பது என் கவலை இல்லை. அந்த ஒப்பீட்டைச் செய்யலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அந்த இடத்தைத்தான் கேட்கிறேன். அதே 1921-ல் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், புளியந்தோப்பில், பி அண்ட் சி ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்று சென்னை மாகாணச் சட்டமன்றம் தீர்மானம் போட்டதே 1924-ல்தான். தெருவில் நடக்கவே தீர்மானம் தேவைப்பட்ட ஒரு காலத்தில், அந்தத் தெருவின் இரண்டு முனைகளில் இருந்தும் ஆளுக்கொரு குழந்தையைக் கூட்டிவந்து உட்காரவைத்து, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, யார் வேகமாகக் கட்டையைப் பொருத்துகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். இதைத்தான் நடுநிலையான அளவு என்கிறார்கள்.

அந்தப் பலகை மியூசியத்துக்குப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்து மரக்கட்டைகள், அவற்றுக்கேற்ற பத்துக் குழிகள். மூன்று முறை பொருத்தச் சொல்வார்கள், மிகக் குறைந்த நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். செகுவின் ஃபார்ம் போர்டு என்று உங்கள் பிராக்டிகலில் வரும். அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் அறிவுத்திறனை மதிப்பிட இன்றும் கையில் எடுக்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன். அது தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு குழந்தைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்க, உதவித்தொகை கிடைக்க, ஏதோ ஓர் அளவு வேண்டித்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கருவி எந்த வேலைக்கெல்லாம் பயன்பட்டது என்பதை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

இப்போது மருத்துவ உளவியலுக்கு வருவோம். வெளிநோயாளிப் பிரிவில் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் கேஸ் ஹிஸ்டரி எழுத வேண்டும். பெயர், வயது, படிப்பு, தொழில், சமூகப் பொருளாதார நிலை. இந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்ப நம் நாட்டில் அதிகம் பயன்படுவது குப்புசாமி அளவுகோல். 1976-ல் வந்தது, நகரத்துக்கானது. குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், குடும்ப வருமானம், மூன்றே கேள்வி. கிராமத்துக்கு வேறோர் அளவுகோல் உண்டு. உதய் பரீக்கும் திரிவேதியும் 1964-ல் செய்தது. அதில் நிலம், வீடு, கால்நடையோடு சாதியும் ஒரு கேள்வி. பட்டியல் சாதி என்றால் 1 மதிப்பெண், ஆதிக்க சாதி என்றால் 6. நடுவில் மற்றவர்களுக்குப் படிப்படியாக.

யோசித்துப் பாருங்கள். கிராமத்தில் இருக்கிறவரைக்கும் உங்களுக்கு 1 மதிப்பெண். பஸ் ஏறி திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் அந்தக் கேள்வியே கிடையாது. நகரத்தில் சாதி இல்லை என்பது நம் நடுத்தர வர்க்கத்தின் பழைய நம்பிக்கை. அது ஒரு படிவமாகவே அச்சாகிவிட்டது. வாடகைக்கு வீடு தேடிப் பார்த்த எவரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பரீக் அளவுகோல்போல சாதிக்கு மதிப்பெண் போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவரை முடக்கிப்போட்டது எது என்று தேடும்போது அந்தத் திசையில் ஒரு கேள்விகூட இல்லாமல் இரண்டு ஆண்டுப் பயிற்சியை முடித்துவிடலாம் என்பதுதான் என் புகார்.

ஏன் புகார் என்பதற்கு எண்ணூருக்குப் போவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அது கழுவப்படுவதற்கு முன்பே, டிசம்பர் 26 நள்ளிரவு, உர ஆலைக்குப் போகிற கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பக்கம் தன்னார்வலர்களோடு நானும் போயிருந்தேன். மீன் விற்கிற ஓர் அக்கா சொன்னார்: "எதனா வாடை அடிச்சா போதும் கண்ணு, தூக்கம் போயிடுது. புள்ளைங்கள எழுப்பி குந்த வெச்சிக்கினு இருக்கேன்." பயிற்சி பெற்ற காது இதை உடனே மொழிபெயர்த்துவிடும். தூக்கக் குலைவு, மிகை விழிப்பு, நிகழ்வை நினைவூட்டும் தூண்டுதலுக்கு எதிர்வினை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. அதற்குச் சிகிச்சையும் படித்திருக்கிறோம்: ஆபத்து முடிந்துவிட்டது, இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்பதை உடலும் மனமும் மெல்லக் கற்றுக்கொள்ள உதவுவது.

ஆனால் ஆபத்து முடிந்துவிட்டதா? கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் ஆலை அப்படியேதான் இருக்கிறது. நான் அந்த அக்காவிடம் போய், "வாடை வந்தால் பயப்படாதீங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று சொன்னால் அது சிகிச்சையா? அந்த ராத்திரி யார் முதலில் எழுந்து மற்றவர்களை எழுப்பினார்களோ அவர்களால்தான் பலர் சீக்கிரம் வெளியே வந்தார்கள். பிந்தைய என்ற சொல்லையே எண்ணூரில் வைத்து யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஆலைகளும் சாம்பல் குளங்களும் ஏன் மயிலாப்பூர் கடற்கரையில் இல்லை, ஏன் மீனவர்களும் தலித்துகளும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வாழ்கிற வடக்குக் கரையில் வந்து குவிந்தன என்று கேட்காமல் அந்த அக்காவின் தூக்கத்தை விளங்கிக்கொள்ள முடியாது. அதற்காக அவருக்குச் சிகிச்சை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. தூங்காத உடம்பு தூங்காத உடம்புதான். அரசியல் பேசினால் மட்டும் அதற்குத் தூக்கம் வந்துவிடாது. நம் தோழர்கள் சிலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

முதுகலை படிக்கும்போது சாதியை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்ய அனுமதி கேட்டேன். "அது சோஷியாலஜிம்மா, நம்ம சப்ஜெக்ட் இல்ல" என்று பதில் வந்தது. இங்கே பலரும் ஏதோ ஒரு கல்லூரியில் இதைக் கேட்டிருப்பீர்கள். அப்படியானால் யாருடைய சப்ஜெக்ட்? உலக வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேவும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். 2006-ல் பொருளாதார இதழ் ஒன்றில் வெளியானது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து, தீர்க்கிற ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது, ஆதிக்க சாதிப் பையன்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களுக்கும் வேறுபாடு இல்லை. பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி என்று சத்தமாக வாசித்த பிறகு அதே புதிர்களைக் கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது.

இதை 1921-ன் பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சாதியைக் குழந்தைக்குள் இருக்கும் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். இங்கே அறையில் யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதில் அது இருக்கிறது. சாதி மனநிலையாக இருக்கிறது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதினார். அதைச் சோதித்துப் பார்க்க இந்திய உளவியல் துறைகளுக்கு எத்தனையோ பத்தாண்டுகள் இருந்தன. கடைசியில் செய்தவர்கள் பொருளாதாரக்காரர்கள்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை நமக்குப் பிடித்த முடிவைச் சொல்கிறது என்பதற்காகவே அதை நம்பிவிடக் கூடாது. இதே வகையில் அமெரிக்காவில் நடந்த சோதனைகள் சில, திரும்பச் செய்தபோது அதே முடிவைத் தரவில்லை. வேறு ஊரில், வேறு வயதில், பெண் பிள்ளைகளிடம் செய்து பார்க்க வேண்டும். எத்தனை பேர் வேண்டும், ஒப்பீட்டுக் குழு எது, எந்த முடிவு வந்தால் நம் கருத்தைக் கைவிடுவோம் என்றெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இதற்குப் புள்ளியியல் வேண்டும், பயிற்சி வேண்டும். எங்கள் அனுபவமே போதும் என்று மேடையில் சொல்லலாம், கைதட்டு விழும். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர்கள் இருவர், பொம்மைகளை வைத்துக் கறுப்பினக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பில் மேற்கோளாக இடம்பெற்றது. அவர்கள் முனைவர் பட்டம் வாங்கிய சோதனைக்காரர்கள்.

இப்போது செலவுக்கும் சீட்டுக்கும் வருகிறேன். மருத்துவ உளவியலாளர் என்று சட்டப்படி பதிவு செய்ய, இளங்கலை, முதுகலைக்குப் பிறகு இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த இரண்டு ஆண்டு முழுநேர எம்ஃபில் என்பதுதான் இதுவரை பிரதான வழி. மொத்தம் ஏழு ஆண்டு. ஓர் இடத்தில் இத்தனை மேற்பார்வையாளர் இருந்தால் இத்தனை சீட் என்ற கணக்கு, அதனால் சீட் மிகக் குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் உதவித்தொகை உண்டு, ஆனால் நாடே அங்கே வரிசையில் நிற்கிறது. தனியாரில் பல இடங்களில் லட்சக்கணக்கில் நாம் கட்ட வேண்டும், அந்த இரண்டு ஆண்டும் வேறு வேலைக்குப் போக முடியாது. 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறதே என்றால், அரசு நிறுவனத்தில் சீட் இருந்தால்தானே அது நமக்குப் பயன்படும்?

இதற்கிடையில் விதிகளும் நிலையாக இல்லை. எம்ஃபிலே வேண்டாம் என்று 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு முடிவு செய்தது. மருத்துவ உளவியலுக்கு மாற்று ஏற்பாடு இல்லாததால், 2024 ஜனவரியில், 2025-26 கல்வியாண்டு வரை இதற்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் நீட்டிப்புக் கொடுத்தார்கள். பிறகு 2025 ஆகஸ்டில், உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்ற அறிவிப்பு வந்தது. தொலைதூரக் கல்வியில் பிராக்டிகல் ரெக்கார்டை இன்னொருவரைப் பார்த்து எழுதித் தேறிய கதைகள் எனக்கும் தெரியும். நோயாளியைத் தொடாமல் உளவியலாளர் ஆகக் கூடாது என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் பகலில் துறைமுகத்துக் கிடங்கிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு உளவியல் படித்த பெண்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான். அதை மூடும்போது அரசுக் கல்லூரியில் ஒரு மாலை வகுப்பைத் திறந்தார்களா என்று கேட்க வேண்டாமா?

நாம் கேட்க வேண்டியது ரொம்பப் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நம் தெருவில் ஒருவரை ஏசவேண்டும் என்றால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்கிறோம். அந்த மருத்துவமனையின் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. அங்கும், நாம் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் ஓடுகிற ஸ்டான்லியிலும், உதவித்தொகையோடு மருத்துவ உளவியல் பயிற்சி இடங்கள் பெருக வேண்டும். பயிற்சி மாணவர்கள் சில மாதங்களாவது எண்ணூர், காசிமேடு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை செய்ய வேண்டும். "மனசு பாரமா இருக்கு" என்று ஒருவர் சொன்னதை "லோ மூட்" என்று மாற்றி எழுதும் முன், அந்தச் சொல்லை அப்படியே தமிழில் பதிவு செய்ய கேஸ் ஷீட்டில் இடம் வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதியின் பெயரால் பாகுபாடு இல்லாமல் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. பாகுபாடு நடந்ததா என்று தெரியவேண்டுமென்றால் சாதியைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. எந்தக் கல்லூரியில் சேரும் முன்பும் இரண்டு விஷயம் விசாரியுங்கள்: அந்தப் படிப்பு மறுவாழ்வுக் கழகப் பதிவுக்குச் செல்லுமா, மேற்பார்வையோடு எத்தனை மணி நேரம் நோயாளிகளைப் பார்க்க விடுவார்கள். பளபளப்பான விளம்பரத்தில் இந்த இரண்டும் இருக்காது. ஆறு மாத கவுன்சலிங் டிப்ளமோவை நம்பிப் பணம் கட்டாதீர்கள், அதை வைத்து மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்ய முடியாது. கணக்கு வராது என்று பயந்து புள்ளியியலை ஒதுக்காதீர்கள். நுழைவுத் தேர்வில் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது அதில்தான். என்னிடம் தமிழில் எழுதி வைத்த நோட்டு இருக்கிறது. வேண்டும் என்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். இப்போது கேள்விகளுக்குப் போவோம்.